கடைமடை மதகில் ஓர் அதிசயம்: டெல்டா மண்ணில் மாயக்கதை எழுதும் முறை

மாயக்கதை படிக்க உட்காருகிறவருக்கு, அதில் வருவது நடக்காத விஷயம் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் உட்காருகிறார். ‘இந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நேர்மையாகச் சொல்கிறேன்’ என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கைக் கடைசி வரி வரை காப்பாற்றுவதுதான் எழுதுகிறவரின் வேலை. ஃபேன்டஸி பிடிக்கும் என்று சொல்லும் வாசகர்கள் பெரும்பாலும் ரசிப்பது இதைத்தான்.

காவிரி டெல்டாவில் நடக்கிற, சுமார் 3,000 சொற்களுக்குள் முடிகிற ஒரு மாயச் சிறுகதையை எழுத நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. வாசகருக்கு எது ருசிக்கிறது என்பதில் தொடங்கினால், எழுதும்போது வருகிற பாதிச் சந்தேகங்கள் தாமாகவே தீரும்.

வாசகர் எதைத் தேடி வருகிறார்

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அப்படிப்பட்ட கதைகள் வாசகருக்குத் தருபவை என்று அதில் மூன்றைச் சொன்னார்: பழகிப் பழகி மங்கிப்போன பொருளைப் புதுக்கண்ணோடு பார்க்கவைப்பது, விடுபடவைப்பது, ஆறுதல் தருவது. விடுபடுவதை அவர் குறையாக நினைக்கவில்லை. சிறையில் கிடப்பவன் வீட்டை நினைத்தால் அதில் என்ன தப்பு என்பது அவர் வாதம்.

டெல்டாவில் எழுதுகிறவருக்கு இந்த மூன்றில் முதலாவதுதான் பெரிய சொத்து. தினமும் பேருந்தில் வெண்ணாற்றுப் பாலத்தைக் கடக்கிறவர் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஆற்றில் நடக்கக் கூடாத ஒன்று நடப்பதாக ஒரு கதை படித்துவிட்டால், மறுநாள் ஜன்னல் பக்கம் இடம் தேடுவார். வேற்றுலகத்தைக் கட்டி எழுப்பும் கதைகளுக்கு அவற்றுக்கான வாசகர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கண்ணெதிரே இருக்கிற மதகை அதிசயமாக்குகிற கதைக்கு அந்த ஊர் முழுவதுமே சாட்சி சொல்லும்.

இவற்றோடு இன்னொரு சுகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போடுகிற சுகம். கதையின் விதி புரிந்ததும் வாசகர் எழுத்தாளரை முந்திக்கொண்டு ஓடப் பார்ப்பார். ‘அப்படின்னா இவன் இதைச் செய்யலாமே, ஏன் செய்யலை?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர் நினைத்துப் பார்க்காத, அதே சமயம் விதிக்குள் அடங்குகிற ஒரு பதில் கதையில் கிடைத்தால் அவருடைய மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. விதிக்கு வெளியே போய் எடுத்த பதில் என்றால் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஒரே ஓர் அதிசயம்

சிறுகதைக்கு ஓர் அதிசயம் போதும். இரண்டாவது வந்தால் முதலாவதின் எடை பாதியாகும். மூன்றாவது வந்தால் எதுவும் நடக்கலாம் என்றாகிவிடும். எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில் எது நடந்தாலும் வாசகருக்குப் பதைப்பு வராது.

அதிசயத்தை எவ்வளவு சின்னதாக அறுத்து வைக்கலாம் என்பதற்குப் பூம்புகாரிலேயே பாடம் இருக்கிறது. சிலப்பதிகாரம் இந்திரவிழாவைச் சொல்லும்போது அந்த நகரத்தின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. ஒன்று, திருட வந்தவன் தலையில் சுமையை ஏற்றித் திணறவைக்கும். இன்னொன்று ஒரு பொய்கை. கூனரும் குள்ளரும் ஊமையரும் செவிடரும் அதில் முழுகினால் குறை நீங்கும். மூன்றாவது ஒரு நெடுங்கல். பித்தேறியவர்களும் நஞ்சு தாக்கியவர்களும் அதைச் சுற்றி வந்தால் துயர் தீரும். நான்காவதான சதுக்கப் பூதம் பொய்த் தவசிகளையும் பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் பாசத்தால் கட்டி அறைந்து உண்ணும். ஐந்தாவது ஒரு பாவை. அரசன் முறை தவறினால் வாய் திறக்காமல் கண்ணீர் விடும். அவ்வளவுதான், வேறெதுவும் செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை, ஒரே வகை ஆள். பேசத் தெரிந்த பாவையாக இருந்தால் அது அரசனுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போயிருக்கும். பேசாமல் அழுவதால்தான் ‘என்ன தப்பு நடந்தது?’ என்று ஊர் தேட வேண்டியிருக்கிறது. கதை தொடங்குவதும் அந்தத் தேடலில்தான்.

மணிமேகலையின் அமுதசுரபி இதைவிடவும் நுட்பமானது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆபுத்திரன் கையில் இருக்கிறது. இந்திரன் அதைப் பிடுங்கவில்லை, உடைக்கவும் இல்லை. மழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது, பசித்தவர் யாரும் இல்லாமல் போனார்கள், பாத்திரத்துக்கு வேலை போயிற்று. ஒரு சக்தி எப்போது பயனற்றுப் போகும் என்று கேட்டுப் பார்த்த கதைசொல்லியால்தான் இப்படி யோசிக்க முடியும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு அதிசயத்திடமும் கேட்க வேண்டும்.

விதித்தாள்

கதையின் முதல் வரியை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதிக்கொள்ள வேண்டும். அதிசயம் என்ன செய்யும், எவ்வளவு செய்யும், யாரால் முடியும், என்ன விலை, எங்கே நின்றுபோகும். இந்தத் தாள் வாசகருக்குப் போகாது. ஆனால் இது இல்லாமல் எழுதிய கதை பாதி வழியில் கட்டாயம் வழுக்கும்.

ஒரு மாதிரி. வேதாரண்யத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற ஒரு கடைமடைக் கிராமம். பழைய மதகு, ஷட்டர் போடுவதற்கு முந்திய காலத்து மரப்பலகைகள் இன்னும் இருக்கின்றன. ஆறு வறண்டு கிடக்கிற நாளில், நள்ளிரவில் நடுப்பலகையைத் தூக்கி ஒரு வருடத்தின் பெயரைச் சொன்னால், அந்த வருடத்துத் தண்ணீர் வரும். விடியும்வரை ஓடும், 1 வேலி நிலம் நனையும். அந்த வருடத்தை வாழ்ந்தவர் மட்டுமே கேட்க முடியும். விலை: அந்த வருடம் அவர் நினைவிலிருந்து போய்விடும், திரும்பாது. ஆற்றில் நிஜத் தண்ணீர் ஓடும்போது பலகை வெறும் பலகை.

இப்போது கணக்கு. 1 வேலி 20 மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். ஊரின் நஞ்சை 12 வேலி என்றால், பயிர் கருகாமல் ஒருமுறை நனைக்க 12 வருட நினைவு வேண்டும். யார் தருவார்கள்? நிலம் இருக்கிறவரா, கூலிக்கு நடுகிறவரா? அறுபது வயதுக்காரரிடம் கொடுக்க நிறைய வருடங்கள் உண்டு. பத்து வயதுப் பிள்ளையிடம் இல்லை. கடன்பட்டவனிடம் ‘உன் ரெண்டு வருஷத்தைக் குடு, வட்டியைக் கழிச்சுக்கறேன்’ என்று கேட்க ஒருவர் வராமலா இருப்பார்? அளவு என்று ஒன்றை எழுதியதுமே ஊரின் மேடுபள்ளம் எல்லாம் கதைக்குள் வந்து நிற்கிறது. ‘மதகில் மாயத் தண்ணீர் வரும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவை எதுவும் முளைத்திருக்காது.

விதியில் ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். வாசகர் கண்டுபிடிப்பதற்கு முன் நாம் கண்டுபிடித்தால் அந்த ஓட்டையே கதையின் திருப்பம். இங்கே ஒன்று இருக்கிறது. தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விளம்பி 1958-இல் வந்தது, 2018-இல் மறுபடி வந்தது. கிழவர் தன் சின்ன வயதில் கரை புரண்டு ஓடிய விளம்பியை நினைத்துப் பெயரைச் சொல்கிறார். எந்த விளம்பி வரும்? கடைசியாக வந்தது என்று விதித்தாளில் எழுதியிருந்தால், வருவது கஜா புயல் கரை கடந்த வருடத்துத் தண்ணீர். 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தக் காற்றை மறந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. முறிந்த தென்னங்கீற்றும் கூரைத்தகடும் மிதந்து வருகிற அந்தத் தண்ணீருக்கு அவர் கொடுத்த விலை, பேரன் பிறந்த வருடம். வாசகருக்கு இதில் ஏமாற்றமே இருக்காது. பெயர் 60 ஆண்டில் திரும்பும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் யோசிக்காமல் விட்டோமே என்று நெற்றியில் தட்டிக்கொள்வார்.

இந்த இடத்தில் பார்வைக்கோணம் முடிவாகிறது. நினைவை இழந்தவருக்கு எதை இழந்தோம் என்றே தெரியாது. அவர் வாயால் கதை சொன்னால் இழப்பு வாசகர் கைக்கு வந்து சேராது. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். மகளோ மருமகளோ சொன்னால், ‘இது யாரு புள்ளம்மா?’ என்று அவர் பேரனைப் பார்த்துக் கேட்கிற ஒரு வரியிலேயே கதை முடிந்துவிடும். விலை எதுவோ அதைப் பார்க்கக்கூடியவர் யாரோ அவர்தான் கதைசொல்லி. அதிசயம் எதுவானாலும் இந்த விதி பொருந்தும்.

மண்ணும் தண்ணீரும் பிசகக் கூடாது

நடக்காத ஒன்றை நம்பவைக்க, நடக்கிற ஒன்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்ற கணக்கோடு பதிவாகியிருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் அந்தத் தெருவில் நடக்கிற உணர்வு வருகிறது. காரணம் ‘தென்சிறகு’ என்ற ஒரு சொல். ‘அழகான தெரு’ என்று வெட்டியிருந்தால் எதுவும் தோன்றியிருக்காது. மாயக்கதைக்குத் தேவை இந்தக் கணக்கப்பிள்ளைக் கண்.

டெல்டாக் கதையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதம். அதே இடம் மாதத்துக்கு மாதம் வேறு உலகம். சித்திரை வைகாசியில் ஆறு மணல்வெளி. குறுக்கே நடந்து அக்கரைக்குப் போகலாம், மணலைத் தோண்டினால் ஊற்று. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து கடைமடைக்கு வர இன்னும் எத்தனை நாள் என்பது வருடத்தைப் பொறுத்தது. அந்தக் காத்திருப்பே கிடைத்தற்கரிய பதற்றம். தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஆடி 18-இல் மஞ்சள் கயிறும் காப்பரிசியும் காதோலை கருகமணியும் படித்துறையில். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மேலே தண்ணீர் கேட்டுக் கெஞ்சிய அதே கடைமடை இப்போது வடியாமல் முழுகிக் கிடக்கும். தை சம்பா அறுப்பு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்திருப்பார்கள். கதிர் போனதும் தாளுக்கு இடையில் உளுந்து தலைகாட்டும். கதை எந்த மாதம் என்று எழுதாமல் தொடங்கினால், இரண்டாம் பக்கத்தில் குறுவை அறுப்பும் ஐந்தாம் பக்கத்தில் வறண்ட ஆறும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பாம்பு பேசுவதை ஒத்துக்கொள்கிற டெல்டா வாசகர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, இது மலையில்லாத மண். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. பூதத்தை ஒளித்துவைக்கக் குகை கிடையாது. ஆகவே இங்கே அச்சம் மேலேயிருந்து இறங்காது. தண்ணீரில் வரும், இல்லை தண்ணீர் வராமல் வரும். வயல் நடுவில் இரவில் தோன்றி மறைகிற கொள்ளிவாய்ப் பிசாசின் நெருப்பு, உச்சிவெயிலில் ஆளில்லாத களம், மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாத வரப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் குறுகிய வாய்க்கால்கள், கோடியக்கரையின் சேற்றுவெளி. பனிமலையும் டிராகனும் வேண்டும் என்றால் அதற்கேற்ற மண்ணில் கதையை வைப்பது நல்லது.

சோழர் காலத்துக்குப் போக ஆசை வரும். போகலாம். ஆனால் அரண்மனைச் சதியையும் குதிரை வீரனையும் தேடி வருகிற வாசகர் வரலாற்று நாவலின் வாசகர். அவருக்கு வேண்டியது வேறு. மாயக்கதைக்கு, ஏரியைப் பார்த்துக்கொண்ட ஊர்க்குழுவான ஏரிவாரியத்தின் கணக்கு எழுதுகிறவனும் மதகில் காவல் இருக்கிறவனும் அதிகம் பயன்படுவார்கள்.

3,000 சொற்களைப் பங்கிடுவது

முதல் 400 சொற்களில் அதிசயம் வேண்டாம். மதகு, வறண்ட வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற தகராறு, யார் வயல் எங்கே. ஆனால் பலகையை இந்தப் பகுதியிலேயே காட்டிவிட வேண்டும், பெரிதுபடுத்தாமல். அடுத்த 300-இல் முதல் தடவை நடக்கட்டும். சின்னதாக: கால் நனைகிற அளவு. 700 முதல் 1,500 வரை விதி தெரியவர வேண்டும். யாராவது உட்கார்ந்து விளக்கினால் ருசி போய்விடும். ஒருவர் செய்து பார்த்துக் கெட்டுப்போக வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்து ஒன்றைக் கற்க வேண்டும். வாசகர் விதியை முழுதாகப் புரிந்துகொண்ட பிறகுதான் அதைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம். புரிவதற்கு முன்னால் தீர்த்தால், ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல் இருக்கும்.

1,500-க்கு மேல் ஆசை. ஊர் கணக்குப் போடத் தொடங்குகிறது. 2,300 வாக்கில் ஓட்டை திறக்க வேண்டும். மிச்சம் 700 சொல்லை அதிசயத்துக்குக் கொடுக்காமல் அதன் மறுநாளுக்குக் கொடுங்கள். வேதாரண்யம் கோயிலில் அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் பதிகம் முழுக்கப் பாட வேண்டியிருந்தது. சம்பந்தர் முதல் பாட்டிலேயே அடைத்தார். கதவு திறந்து மூடியதோடு பெரியபுராணம் நிற்கவில்லை. தான் அரிதில் திறந்ததை அவர் எளிதில் அடைத்தாரே என்று அப்பர் மனம் வருந்தியதையும் சொல்கிறது. கதவை மறந்தவர்களுக்கும் அந்த வருத்தம் நினைவிருக்கும்.

பெயரும் பேச்சும்

கற்பனை ஊருக்குப் பெயர் வைக்கும்போது மாயமாக ஒலிக்க வேண்டும் என்று சமஸ்கிருதச் சொற்களைக் கோத்து ‘புரம்’ சேர்க்கிற பழக்கம் இருக்கிறது. தேவையில்லை. குடமுருட்டி, முடிகொண்டான், வீரசோழன், அரசலாறு என்று இங்கே ஆறுகளுக்கே அப்படிப்பட்ட பெயர்கள். ஊர் ஆற்றங்கரையில் என்றால் துறை, கடலோரம் என்றால் பட்டினம், பிறகு காடு, நல்லூர், மங்கலம், குடி, கட்டளை. முன்பாதியை ஒரு மரத்திலிருந்தோ தொழிலிலிருந்தோ எடுங்கள். வரைபடத்தில் தேடிப் பார்க்கத் தோன்ற வேண்டும். அந்த அளவு போதும்.

பேச்சில் எல்லாச் சொல்லையும் வழக்கில் எழுதினால் கண் வலிக்கும். வினைமுற்றும் விளியும் வழக்கில் இருந்தால் காதில் விழுந்துவிடும்.

“ஏண்ணே, தண்ணி வந்துருச்சா?”

“கல்லணை தொறந்து ஏழு நாளாச்சு தம்பி. நம்ம வாய்க்கால்ல கால் நனைஞ்சாத்தான் நெசம்.”

அதிசயத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே குரல்தான். நள்ளிரவில் பழைய வருடத்துத் தண்ணீர் வந்தால் அந்த ஆள் வானத்தைப் பார்த்து வசனம் பேச மாட்டார். ‘வரப்பு உடையப் போவுது, மண்வெட்டிய எடு’ என்பார். ஆச்சரியப்படுகிற வேலையை வாசகருக்கு விட்டுவிட வேண்டும்.

எங்கே கெட்டுப்போகும்

மிகப் பெரிய துரோகம் ‘எல்லாம் கனவு’ என்று முடிப்பது. ஒன்றை ஒத்துக்கொள்ளச் சொல்லி வாங்கிய வாக்கை அது திருப்பி எறிகிறது. அறிவியல் காரணம் சொல்லி முடிப்பதும் அதே தப்புதான். அந்த விளக்கம் கதையின் மையமாகத் தொடக்கத்திலிருந்தே இருந்தால் தவிர.

அடுத்தது, விலை எழுத்தாளருக்குப் பிடித்த பாத்திரத்தைத் தொடாமல் இருப்பது. கெட்டவர்கள் மட்டும் நினைவை இழக்கிறார்கள், நாயகி தப்பிக்கிறாள் என்றால் மதகு மதகாக இல்லை, பஞ்சாயத்துத் தலைவராகிவிட்டது. சதுக்கப் பூதத்துக்கு ஆள் பார்த்துத் தண்டிப்பது தொழில். அது விதித்தாளிலேயே இருக்கிறது. நம் மதகுக்கு அந்தத் தொழிலைக் கொடுக்கவில்லை, ஆகவே அது நல்லவரையும் விடாது.

குலதெய்வங்களைக் கையாளும்போது கவனம் தேவை. ஐயனாரையும் முனியையும் இன்று கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஊர்த் தெய்வத்தின் பெயரை வைத்து நாமே வரம் கொடுப்பதும் பலி கேட்பதும் வேண்டாம். மதகு, பத்தாயம், படித்துறை, மரக்கால் போன்ற புழங்கு பொருள்களில் அதிசயத்தை வைத்தால் சுதந்திரமும் அதிகம், புதுமையும் அதிகம்.

எழுதி முடித்ததும் ஒரு வாரம் ஆறவிட்டு, இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் டெல்டாவையே பார்க்காதவர்; இன்னொருவர் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவர். முதலாமவர் ‘கடைமடைன்னா என்ன?’ என்று கேட்டால், அந்தச் சொல்லை விளக்க வேண்டாம்; முதல் பக்கத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற வயலைக் காட்சியாகக் காட்டுங்கள். இரண்டாமவர் ‘நடுப்பலகையை மட்டும் தூக்குனா மேல் பலகை எங்க போகும்?’ என்று கேட்டால், உட்கார்ந்து அந்தப் பலகைகளை ஒரு தாளில் வரைந்து, அவரிடமே காட்டித் திருத்திக்கொண்டு, அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.